பத்தாம் மாதத்துக்குப் போகிறவர்கள் பதின்மூன்றாம் நாளே போய்ச் சேருங்கள்
சயாம் பக்கம் – வாசகர் கேள்விகளும் பீடோங் வேன்காரரின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நக்கோன் சி தம்மராட்டைப் பற்றியவை. தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் நகரத்துக்கு வடக்கே சுமார் மூன்று மணி நேரத் தொலைவில், கடலோரமாகப் படுத்திருக்கும் மாநிலம். வயல், தென்னை, ரப்பர், மீன்பிடிக் கிராமங்கள். நம் ஆட்கள் ஹாட்யாயில் துணி வாங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவதால் அங்கே அதிகம் போவதில்லை. நான் பூசாரியும் இல்லை, பேராசிரியரும் இல்லை. வேன் ஓட்டிப் போன இடங்களில் கண்டதையும், அந்த ஊர்க்காரர்கள் சொன்னதையும் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, எங்கள் கோயில் மாதர் குழுவோடு நக்கோனில் பத்தாம் மாதத் திருவிழாவுக்குப் போகலாம் என்று பேச்சு. மாமியார் அது பேய்த் திருவிழா, போகக்கூடாது என்கிறார். உண்மையா? எந்த நாளில் போவது?
– ஒரு வாசகி, லூனாஸ்

தங்கச்சி, தீபாவளிக்கு முதல் நாள் நம் வீட்டில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிறோமே, மாமியாரிடம் அதை நினைவுபடுத்துங்கள். தாத்தாவுக்குப் பிடித்த கருவாடு, சுருட்டு, சில வீடுகளில் ஒரு பாட்டில் பீர். அதைப் பேய்த் திருவிழா என்று யாராவது சொன்னால் மாமியார் சும்மா விடுவாரா?

நக்கோன்காரர்கள் இதை ‘சாத் துவான் சிப்’ என்பார்கள். அவர்களுடைய சந்திரக் கணக்கில் பத்தாவது மாதத்தின் தேய்பிறை முழுவதும் இதற்கு உரியது. செத்துப்போய்த் துன்பப்படுகிற உறவினர்களை அந்தப் பதினைந்து நாளும் விடுப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பது நம்பிக்கை. முதல் நாள் தாத்தா பாட்டியை வரவேற்பார்கள், கடைசி நாள் வழியனுப்பி வைப்பார்கள். அப்படி வருகிறவர்களில் பிரேத் என்ற வகை உண்டு. பனைமர உயரம், ஊசித்துளை அளவு வாய். எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் தொண்டையில் இறங்காது. இந்த வாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் தேவைப்படும்.

தேதி கேட்டீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் மகாளய அமாவாசையைப் பாருங்கள். நாம் மகாளய பட்சம் என்று முன்னோருக்குக் கொடுக்கும் அதே தேய்பிறைதான் இது. 2023இல் இரண்டும் அக்டோபர் 14இல் முடிந்தன, 2024இல் அக்டோபர் 2இல். சில வருடம் ஒரு நாள் முன்பின் ஆகும். அதனால் ஓட்டல் போடும் முன் அங்கே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது நான் எல்லாரிடமும் சொல்லிச் சலித்த விஷயம். டூர் வண்டிகள் எல்லாம் கடைசி நாள் காலையில்தான் போய் நிற்கும். அப்போது பாதி முடிந்திருக்கும். தேய்பிறை பதின்மூன்றாம் நாளை ‘வான் ஜாய்’ என்கிறார்கள், சாமான் வாங்கும் நாள். அன்றைக்கே போய்ச் சேருங்கள். ஊர் முழுக்கச் சந்தையில் நிற்கும். அரிசி, உப்பு, கருவாடு, பெலாச்சான் (இறால் விழுது), பூசணி, கரும்பு, தேங்காய், வெற்றிலை பாக்கு, ஊசி நூல், மண்ணெண்ணெய் வரைக்கும் வாங்குவார்கள். அடுத்த நாள் இதையெல்லாம் ஒரு பெரிய தட்டில் அடுக்குவதற்கு ‘ம்ராப்’ என்று பெயர். அடியில் அரிசி, அதன்மேல் வெங்காயம், மிளகாய், உப்பு, பிறகு கருவாடு, அப்புறம் சீக்கிரம் கெடாத காய்கள், வீட்டுச் சாமான், உச்சியில் ஐந்து பலகாரம். கோபுரம் மாதிரி எழுப்பித் தங்கத்தாள் ஒட்டிய ம்ராப்புகளை ராஜதம்னோன் சாலை வழியாக வாட் பிரா மஹாதாத்துக்கு (வாட் என்றால் புத்த கோயில்) ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். அந்த ஊர்வலம் பதினான்காம் நாள். படத்தில் நீங்கள் பார்த்திருப்பது இதுதான்.

ஏன் கருவாடும் மண்ணெண்ணெயும்? அடுத்து வருவது அந்தக் கரையில் அடைமழைக் காலம். நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்க்கும். பிக்குகள் வெளியே போய்ப் பிச்சை எடுக்க முடியாத நாட்களுக்கு இது இருப்பு. முன்னோருக்குப் புண்ணியம், மடத்துக்கு மளிகை. ஊர்வலத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்குத் தங்கத்தாள்தான் தெரியும். சந்தையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தானாகவே புரிந்துவிடும்.

கேள்வி: அந்த ஐந்து பலகாரங்கள் எவை? வீட்டில் செய்ய முடியுமா?
– பலகாரக்கடை வைத்திருக்கும் வாசகி, பாலிங்

பெயரைச் சொல்கிறேன்: கனோம் லா, கனோம் போங், கனோம் கோங், கனோம் பா, கனோம் டீசம். ஒவ்வொன்றும் போகிறவர்களுக்கு ஒரு உபயோகம். லா உடுத்தத் துணி. போங் ஆற்றைக் கடக்க ஓடம். கோங் நகை. பா, தாய்ப் புத்தாண்டான சோங்கிரானில் விளையாடும் வட்டு. டீசம் செலவுக்குச் சில்லறை. செத்தவர்களுக்கு விளையாட்டுச் சாமானும் கொடுத்தனுப்பும் ஊர், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

போங், ஒட்டரிசியை அவித்து அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் போட்டால் குப்பென்று பொங்கும். டீசம் உங்களுக்கு அத்துப்படி: அரிசி மாவும் பனைவெல்லமும், நம் அதிரசத்தின் நடுவில் விரலால் ஓட்டை போட்டது மாதிரி. கோங்கும் பாவும் எண்ணெயில் பொரிப்பவை, அவற்றில் சிரமமில்லை.

சிரமம் லாவில். இதற்குப் பேர்போன இடம் பாக் பனாங் ஆற்றுப் பக்கம். அங்கே ஒரு வீட்டு அடுப்படியில் ஒரு அம்மா செய்ததை அருகில் நின்று பார்த்தேன். அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் கட்டி, மேலே கல்லை ஏற்றி நீரை வடித்திருந்தார். அந்த மாவைச் சர்க்கரைப் பாகோடு பிசைந்து பிசைந்து, விரலை நனைத்துத் தூக்கினால் நூல் அறாமல் இறங்கும் பதத்துக்குக் கொண்டுவந்தார். பெரிய அகலச் சட்டி. அவித்த முட்டை மஞ்சளை எண்ணெயில் குழைத்து, தேங்காய் நார் மாதிரி ஒன்றில் தோய்த்துச் சட்டியை ஒரு துடை. பிறகு ஒரு கொட்டாங்கச்சி, அடியில் நூற்றுக்கணக்கில் பொடி ஓட்டை. இப்போது பல வீட்டில் பால்டின்னில் ஆணியடித்துக்கொள்கிறார்கள். மாவை ஊற்றியதும் அந்தக் கை நிற்கவே இல்லை. சட்டிக்கு மேலே வட்டம் வட்டமாக வீசிக்கொண்டே இருந்தார். வலைக்கு மேல் வலை விழுந்து, பட்டுத்துணி மாதிரி மெல்லிய ஒரு படலம். வெந்ததும் குச்சியால் மடித்து எடுத்துவிட்டு உடனே அடுத்தது. அடுப்பு பக்கத்தில் என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அவர் காலையிலிருந்து அங்கேயே இருந்தார்.

இவ்வளவு மெல்லிய நூல் எதற்கு என்று கேட்டேன். ஊசித்துளை வாய்க்குள் போக வேண்டுமே, என்றார்.

வடக்கே இருக்கும் உங்களுக்கு இதில் ஒரு சௌகரியம். கெடா, பெர்லிஸ் மலாய்க்காரர்கள் செய்யும் குவே காராஸ் இதன் நெருங்கிய சொந்தம், அதே ஓட்டைக் கொட்டாங்கச்சி. காராஸ் செய்யும் மக்சிக் (மலாய் அம்மா) யாராவது பக்கத்தில் இருந்தால் முதலில் அவரிடம் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். மென்மையான லா ஒரு வகை, சர்க்கரை தூவி மொறுமொறுப்பாக்கியது இன்னொரு வகை. விற்பனைக்கு மொறுமொறுப்பானதே நல்லது, நாள் தாங்கும்.

கேள்வி: யூடியூபில் ‘சிங் பிரேத்’ பார்த்தேன். சாமிக்கு வைத்த சாப்பாட்டை ஆளாளுக்கு இடித்துப் பிடித்துப் பிடுங்குகிறார்கள். அசிங்கமாக இல்லையா?
– படிவம் ஐந்து மாணவன், சுங்கைப் பட்டாணி

தம்பி, நம் கோயிலில் தேர் நின்றதும் வாழைப்பழமும் இளநீரும் எங்கே போகிறது என்று பார்த்ததில்லையா?

அங்கே கடைசி நாள், வாட் வளாகத்தில் உயரமான ஒரு மேடை கட்டுவார்கள். ஐந்து பலகாரம், பழம், சோறு, சில்லறைக் காசு எல்லாம் அதில் குவியும். மேடையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று பிக்குகள் உட்கார்ந்திருக்கும் இடம் வரை ஓடும். அவர்கள் மந்திரம் ஓதி முடித்து நூலைச் சுருட்டுகிற வரை ஒரு பிள்ளைகூட மேடையைத் தொடாது. நூல் சுருண்டதும் போர்தான். சில ஊரில் மேடையை வழுவழுப்பான ஒற்றைக் கம்பத்தின் உச்சியில் வைத்து, எண்ணெய் வேறு தடவிவிடுவார்கள். பையன்கள் ஏறிச் சறுக்கி விழுவதைப் பார்க்கக் கிழவிகள் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

முன்னோர் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட்டால் புண்ணியம் என்பது அவர்கள் எண்ணம். தாத்தா பாட்டி வந்து சாப்பிட்ட வீட்டில் பேரப்பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தால்தான் எனக்கு ஆச்சரியம். நீ போனால் ஓரமாக நின்று படம் பிடிக்காதே, உள்ளே இறங்கு. கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கு.

கேள்வி: என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான். திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. இந்தத் திருவிழாவில் அவருக்கு என் கையால் ஏதாவது வைக்கலாமா? எனக்கு வயது எழுபதுக்கு மேல்.
– ஒரு பெரியவர், குரூண்

ஐயா, தாராளமாக வைக்கலாம்.

ரயில் பாதை போட்ட இடம் காஞ்சனாபுரி பக்கம், நக்கோனிலிருந்து வடக்கே வெகு தூரம். 1942, 43இல் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து போய்க் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்த பல்லாயிரம் பேருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பத்தாம் மாதத்தில் அவரவர் வீட்டுக்காரர்களுக்கு வைப்பது ஒரு பங்கு. உறவு இல்லாதவர்களுக்கு, வழி தெரியாதவர்களுக்கு, வாட் உள்ளே வர முடியாதவர்களுக்கு என்று வாசல் பக்கத்திலும் மரத்தடியிலும் தனியாக வைப்பது இன்னொரு பங்கு. அந்தப் பங்கை எந்த வீடும் விடுவதில்லை. முகம் தெரியாத ஆட்களுக்கு அங்கே பல தலைமுறையாக யாரோ சோறு வைத்திருக்கிறார்கள். உங்கள் தாத்தா பசியோடு அந்தப் பக்கம் வந்திருந்தால் வெறும் வயிற்றோடு திரும்பியிருக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

போகும்போது தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவர் பெயரைத் தாளில் எழுதிப் பிக்குவிடம் கொடுத்து ஓதச் சொல்வது அங்கே வழக்கம். கூட்டிப்போகிறவரிடம் சொல்லி அதைத் தாய் எழுத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் வெயிலில் நிற்க வேண்டாம், முதல் நாள் வரவேற்பு அன்று போங்கள். கூட்டம் இருக்காது, பிக்குகளுக்கும் பேச நேரம் இருக்கும். எல்லையைத் தாண்ட உடம்பு ஒத்துழைக்காவிட்டால், நம் கெடாவிலேயே சயாமியக் கிராமங்களும் வாட்களும் இருக்கின்றன. பெண்டாங், பாடாங் தெராப், பாலிங் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள்.

கேள்வி: அங்கேயே யானைத் திருவிழாவும் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், கூலிம்

முடியாது. அது சுரினில், நவம்பரில், கம்போடிய எல்லை ஓரம். 1960இல் தொடங்கியது. தனியாக விமானம் எடுங்கள்.

கேள்வி: வாணம் விட்டு மழை கேட்கும் ஊர் எது? அதுவும் தெற்கிலா?
– ஒரு வாசகர், பாடாங் செராய்

இல்லை, அது இசான். வடகிழக்கு. யசோத்தோன் மாநிலம், மே மாத நடுவில். ‘பூன் பாங் ஃபாய்’ என்பார்கள். நடவுக்கு முன் மேலே இருக்கும் பாயா தேன் என்ற தேவனுக்கு நினைவூட்டல் அனுப்புகிறார்கள். வாணம் என்றால் தீபாவளி வாணம் என்று நினைக்காதீர்கள். ‘முன்’ என்ற அளவில் 12 கிலோ கருமருந்து, ‘சேன்’ என்ற அளவில் 120 கிலோ. எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்று போட்டி. புஸ்ஸென்று போன வாணத்தைச் செய்தவரைத் தூக்கிச் சேற்றில் போடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே விழுவார். ஏவும் மேடையிலிருந்து தள்ளி நில்லுங்கள், உயிர்ச்சேதம் ஆன வருடங்களும் உண்டு. வேனில் போகும் தூரம் இல்லை. நான் போகாத இடம் என்பதால் இதற்கு மேல் அளக்கவில்லை.

கேள்வி: ஒரு டூர்காரரை நம்பி ‘சக் பிரா’ பார்க்கப் போனோம். பதினோரு மணிக்குக் கொண்டுபோய் இறக்கினார். காலியான கயிறும் குப்பையும்தான் பார்த்தோம். இதற்கு ஆளுக்கு நானூறு வெள்ளி!
– ஒரு குடும்பம், குவாலா கெட்டில்

வயிற்றெரிச்சல் புரிகிறது. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கொடுக்க மாட்டார், ஆனாலும் கேளுங்கள்.

சக் பிரா, பிக்குகளின் மழைக்கால விரதம் முடிந்த மறுநாள் வருகிறது. பத்தாம் மாத அமாவாசை முடிந்து அடுத்த பௌர்ணமி, அதற்கும் அடுத்த நாள். தாயாருக்குப் போதிக்க மேலுலகம் போன புத்தர் பூமிக்கு இறங்கிய நாள் என்று கணக்கு. அவர் சிலையை நாகம் செதுக்கிய தேரில் வைத்து வீதியில் இழுப்பார்கள். ஆற்றோர ஊர்களில் படகில். சூராட் தானியில் தாப்பி ஆற்றில் நடப்பது பெரிய பேர் பெற்றது. தேருக்கு இரண்டு வடம், பழைய வழக்கப்படி ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. எல்லாம் விடியலில் கிளம்பிவிடும். வெயில் ஏறிய பிறகு போனால் நீங்கள் பார்த்ததைத்தான் பார்க்க முடியும்.

இதற்கும் என் பழைய பல்லவியே: முந்தின இரவு போங்கள். ‘போன்’ என்ற பெரிய முரசை நாள்கணக்காக முன்னாலிருந்தே வாட்களில் அடிப்பார்கள். பத்தாலுங்கில் இதற்குப் போட்டியே உண்டு. இரவு பத்து மணிக்கு வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு முரசு, இந்தப் பக்கம் ஒரு முரசு, ஒன்றையொன்று சீண்டுவதைக் கேட்டால் தூக்கம் போய்விடும். வீடுகளில் ‘தோம்’ கட்டிக்கொண்டிருப்பார்கள். தேங்காய்ப்பாலில் கிண்டிய ஒட்டரிசியை முக்கோணமாக இலையில் மடிப்பது. அந்த இலையைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், நம் ஊர் கெத்துப்பாட் டாவுன் பாலாஸ் கட்டும் அதே பாலாஸ் இலை. மடிக்கத் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் உட்கார்ந்து பத்து மடித்துக் கொடுக்கட்டும். மறுநாள் வடம் பிடிக்க உங்களுக்கு இடம் தேட வேண்டியிருக்காது, அவர்களே கூப்பிடுவார்கள்.

கேள்வி: நக்கோனில் சிவன் கோயில் இருக்கிறதாமே? திருவெம்பாவை பாடுவார்களா?
– ஒரு தேவார ஆசிரியை, பீடோங்

இருக்கிறது. ஹோ பிரா இசுவான், சிறிய மண்டபம், பக்கத்தில் செந்நிற ஊஞ்சல் கம்பம். எதிரே ஹோ பிரா நாராய், அது பெருமாளுக்கு. திருவெம்பாவை, திருப்பாவை இரண்டும் பேங்காக் தேவஸ்தானத்தில் ராஜகுருக்கள் மார்கழி, தையில் நடத்தும் சடங்கில் ஓதப்படுகின்றன. கிரந்த எழுத்தில் எழுதி வைத்து, தாய் ராகத்தில். உச்சரிப்பு எவ்வளவோ மாறிவிட்டது, கேட்டால் நம் பாட்டென்று சட்டென்று தெரியாது. பேங்காக்கின் பெரிய ஊஞ்சலில் ஆடும் சடங்கை 1935இலேயே நிறுத்திவிட்டார்கள், கம்பம் மட்டும் நிற்கிறது. நக்கோனில் மண்டபத்தைத் தரிசிக்கலாம், அருமையான இடம்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரே ஒரு தடவைதான் கூட்டிப்போக முடியும். எந்தத் திருவிழா?
– ஒரு மகள், பீடோங்

சேலை சாத்தும் திருவிழா என்று நான் சொல்வேன். சரியான பெயர் ‘ஹே பா குன் தாத்’. பெரும்பாலும் மாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாக்க பூஜையிலும், பெரும்பாலும் வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் விசாக பூஜையிலும் நடக்கும். வாட் பிரா மஹாதாத்தின் பெரிய வெள்ளை ஸ்தூபி, உச்சி தங்கம். அதைச் சுற்றிக் கட்ட மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துணிகளை ஒன்றோடொன்று தைத்து, தெரு நீளத்துக்குத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போவார்கள். புத்தர் கதை எழுதிய துணியை இலங்கைக்குக் கொண்டுபோன கப்பல் உடைந்து, துணி மட்டும் இந்தக் கரையில் ஒதுங்கியது, அரசர் அதை ஸ்தூபிக்குச் சாத்தச் சொன்னார் என்று கதை.

அம்மா முழு ஊர்வலமும் நடக்க வேண்டாம். வாட் வாசல் அருகில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். துணி அந்தப் பக்கம் வரும்போது அதன் ஓரத்தை எட்டிப் பிடிக்கட்டும், யாரும் தடுக்க மாட்டார்கள். துணியைத் தொட்ட எல்லாரும் சாத்தியவர்கள்தான். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை போதும், சேலை என்றால் ரொம்ப நல்லது, அங்குள்ள கிழவிகள் வந்து தொட்டுப் பார்ப்பார்கள்.

கேள்வி: எல்லையில் என்னென்ன வேண்டும்? பலகாரம் வாங்கி வரலாமா?
– பல வாசகர்கள்

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போகும் வெளிநாட்டவர் முன்கூட்டியே இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். ‘சேவைக் கட்டணம்’ கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள், பேத்தியிடம் கைப்பேசியைக் கொடுங்கள். சொந்தக் காடி (கார்) என்றால் தாய்லாந்துக் காப்புறுதி வேண்டும், காடி உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளர் கடிதமும் வேண்டும். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால், விடியலில் கிளம்பும் தேருக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பலகாரத்தில் மொறுமொறு லாவும் போங்கும் வாங்குங்கள். போங் பொரிக்காமல் காய்ந்ததாகவே கிடைத்தால் இன்னும் நல்லது, வீட்டில் பொரித்துக்கொள்ளலாம். பெட்டியின் அடியில் வைக்காதீர்கள், பீடோங் வருவதற்குள் மாவாகிவிடும். மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்த மாதக் கேள்விகள் இருபதாம் தேதிக்குள் வந்து சேரட்டும்.